திரும்பி வராத குத்துகள்

முதல் அநியாயம் சாவி. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய சமுதாயக் கூடம் ஒன்று பீப்பாய்மேட்டின் நடுவிலேயே இருந்தும், ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கராத்தே சொல்லிக்கொடுக்க அதைக் கேட்டபோது, வெறுங்காலோடு வருகிறவர்கள் தரையைப் பாழாக்கிவிடுவார்கள் என்று சொல்லி வட்டச் செயலாளர் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். கூடத்துக்குள் அவர் மைத்துனரின் வாடகை நாற்காலிகள் சுகமாகக் குடியிருந்தன, பிள்ளைகள் வெளியே மண்ணில் நின்றார்கள். இரண்டாவது அநியாயம் கூரை. அந்தப் பிள்ளைகளின் மாஸ்டர்களில் ஒருத்தியான, ரேஷன் கடை ஓரத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஞானசௌந்தரி, தேர்வாளர்கள் முன்னால் ஓர் அசைவும் பிசகாமல் செய்துகாட்டியும் மாநிலக் கராத்தே பேரவை அவளுக்குக் கறுப்புப் பட்டை தரவில்லை. வித்தையில் குற்றமில்லை, கூரையில்லாத பள்ளியைப் பள்ளி என்று ஏற்க விதியில்லை என்றது. மூன்றாவது அநியாயம் பெயர். ஞானசௌந்தரி வளர்த்த மாணவி யூதித்து மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கிய அன்று, பயிற்சியாளர் பெயரை வாசித்த ஒலிபெருக்கி, பேரவைச் செயலாளர் சந்திரசூடன் என்று வாசித்தது. சந்திரசூடன் யூதித்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். நான்காவது அநியாயம் லாரி. கால்வாயை அகலப்படுத்துகிறோம் என்று கிழக்கு வரிசை வீடுகளையெல்லாம் பரீட்சை மாதத்தில் இடித்து, சட்டி பானையோடு ஜனங்களை ஏற்றிக்கொண்டுபோய், நகரத்துக்கு வெளியே தண்ணீர் ஏறாத அடுக்குமாடிகளில் இறக்கினார்கள். ஐந்தாவது அநியாயம் ஒரே ஒரு சொல். பிள்ளைகள் இருபது வருஷம் மிதித்துக் கெட்டிப்படுத்திய அந்த மைதானத்தின் மேல், வரைபடத்தில், 'காலியிடம்' என்று எழுதினார்கள்.

இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் பிள்ளைகளின் இன்னொரு மாஸ்டர் இருதயராஜ் கண்டிப்பாக இருந்தார். சாவி கிடைத்திருந்தால் கூரை இருந்திருக்கும், கூரை இருந்திருந்தால் பட்டை வந்திருக்கும், பட்டை வந்திருந்தால் பெயரைத் திருடியிருக்க முடியாது, பெயர் இருந்த ஊருக்குள் லாரி அவ்வளவு தைரியமாக நுழைந்திருக்காது, லாரி வராத இடத்தைக் காலி என்று எவனும் எழுதியிருக்க மாட்டான் என்று அவர் கோத்துச் சொல்வார். யாராவது லாரியை முன்னால் சொல்லிவிட்டால் கையைக் காட்டி நிறுத்தி, சாவியிலிருந்து மறுபடி தொடங்குவார்.

"எந்த வரிசையில சொன்னா இன்னாண்ணா, அநியாயம் அநியாயந்தானே," என்று வறுத்த மீன் விற்கும் பவுனம்மா ஒருநாள் அலுத்துக்கொண்டபோது அவர் சொன்னார்: "வரிசை தப்பிச் சொன்னா அது பொலம்பல். வரிசையா சொன்னாத்தான் அது குற்றப்பத்திரிகை."

இருதயராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எழுத்துக் கூட்டிப் படித்ததே சங்கத்தின் துண்டறிக்கைகளில்தான், அதனால் சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலும் கோரிக்கை வைப்பதுபோலத்தான் கேட்பார். கராத்தேயும் சங்கத்தின் இளைஞர் முகாமில் கற்றதுதான். ஞானசௌந்தரி அப்படியல்ல, முறையான மாஸ்டரிடம் பத்து வருஷம் நின்று கறுப்புக்கு முந்திய பழுப்புப் பட்டை வரை வந்தவள், துணியில் மடிப்பு விழுவதுபோல உடம்பில் அசைவு விழ வேண்டும் என்று நினைப்பவள். இருவரும் சேர்ந்துதான் அந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள், தொடங்கிய நாளிலிருந்து ஒரு விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அது குத்து திரும்புகிற விஷயம். முறைப்படி ஒரு கை குத்தப் போனால் மற்றக் கை இடுப்புக்கு வர வேண்டும், போன கையும் போன வேகத்திலேயே வீடு திரும்ப வேண்டும். ஆனால் இருதயராஜ் மூட்டையைத் தள்ளிப் பழகிய ஆள். தள்ளிய இடத்திலேயே கையை வைத்திருக்காவிட்டால் மூட்டை தலைமேல் சரிந்துவிடும். அவரிடம் கற்ற பிள்ளைகள் எல்லாரும் இச்சி, நீ, சான், சி என்று ஜப்பானிய மொழியில் எண்ணிக்கொண்டு காற்றில் குத்தி, குத்திய இடத்திலேயே கையை மறந்துவிட்டு, அடுத்த குத்துக்குப் போனார்கள்.

"அடிச்ச கைய அங்கயே வுட்டுட்டு வராதீங்கடா, எடுத்துக்கினு வாங்க," என்று ஞானசௌந்தரி மைதானத்தின் மறுகோடியிலிருந்து கத்துவாள்.

"குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் நம்ம சங்கத்துலயே கெடையாது, ஞானம்," என்பார் இருதயராஜ். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்றும் இவளை மாஸ்டரக்கா என்றும் கூப்பிட்டார்கள், யார் பக்கம் திரும்புகிறார்களோ அவர் சொன்னபடி குத்தினார்கள். தேர்வுக்குக் கூட்டிப்போன வருஷத்தில், இருதயராஜின் வரிசைப் பிள்ளைகள் மொத்தப் பேரையும் இந்தக் குற்றத்துக்காகவே பேரவை தோற்கடித்து அனுப்பியது.

நான்காவது அநியாயத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், கிழக்கு வரிசையை இடித்த மறுநாள் காலையில், மீன் கூடையோடு மைதானத்தைக் குறுக்கே கடந்த பவுனம்மாவின் நெற்றியில் ஏதோ இடித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தடவிப் பார்த்தாள்; நான்கு விரல் மடங்கி, கட்டைவிரல் மேலே படிந்த, ஒரு பத்து வயசுக் கை. இடப்பக்கம் தடவினாள், இன்னொன்று. குனிந்து தடவினாள், இடுப்பு உயரத்தில் ஓர் உதை, பாதத்தின் விளிம்போடு. திரும்ப இழுக்காமல் விட்ட குத்துகள் எல்லாம் விட்ட இடத்திலேயே நின்றிருந்தன. பவுனம்மா, கைக்கு எட்டிய உயரத்தில் இருந்த ஒரு குத்தில் கூடையை மாட்டிவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, அங்கேயே வியாபாரத்தைத் தொடங்கினாள்.

அதன் பிறகு பீப்பாய்மேட்டில் துணி காயப்போடக் கொடி கட்டுகிற வேலை இல்லாமல் போயிற்று. மேற்கு வரிசைப் பெண்கள் சேலைகளைக் குத்துக்குக் குத்து இழுத்துக் காயவைத்தார்கள், தையல்காரர் சேகநாதன் தைத்த சட்டைகளை ஒரே பிள்ளை அடுத்தடுத்து விட்ட குத்துகளில் வரிசையாக மாட்டினார், இரண்டு உதைகளுக்கு நடுவில் தூளி கட்டி ஒரு தாய் தன் குழந்தையை ஆட்டினாள், முதுகு வலிக்காரர்கள் தங்கள் வலிக்குச் சரியான உயரத்தில் ஒரு குத்தைத் தேடிப் பிடித்துச் சாய்ந்து நின்றார்கள். தபால்காரர் இரண்டே நாளில் எங்கே குனிய வேண்டும், எங்கே ஒருக்களிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். ரோந்து வந்த காவலர் கற்றுக்கொள்ளாததால் தொப்பியை இழந்தார். பாதிரியார் வந்து தடவிப் பார்த்துவிட்டு, பாவம் செய்யாத கைகள் என்று மட்டும் சொன்னார். கட்சிக்காரர்கள் கொடி கட்ட வந்தார்கள். கயிறு எந்தக் குத்திலும் நிற்காமல் வழுக்கி விழுந்தது. தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்கள் படம் பிடித்தார்கள், படத்தில் வெறும் சேலைகள் காற்றில் மிதந்தன, அது கிராபிக்ஸ் என்று அவர்களே முடிவுகட்டிப் போய்விட்டார்கள். சந்திரசூடனும் காரில் வந்து இறங்கினார், முழங்கையை ஒரு குத்தில் இடித்துக்கொண்டார், இது முழுக்கத் தவறான முறை, சரியான குத்து ஒருநாளும் இப்படி நிற்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டே போனார். அவர் சொன்னது உண்மைதான். மைதானம் முழுக்க இருதயராஜின் பிள்ளைகளும் இருதயராஜும்தான் இருந்தார்கள். முறையாகக் குத்தி முறையாக இழுத்த ஞானசௌந்தரியின் கை அங்கே ஓர் இடத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்கு வரிசைத் தாய்மார்கள் இரண்டு பேருந்து மாறி வந்தார்கள். தடவித் தடவித் தங்கள் பிள்ளைகளின் குத்துகளைக் கண்டுபிடித்தார்கள். நகம் கடிக்கிற பிள்ளையின் விரல் நுனி, கட்டைவிரலை உள்ளே மடிக்கிற பிள்ளையின் பிடிவாதம், எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. அடுக்குமாடிக்குப் போய் வளர்ந்துவிட்ட பையன்கள் தங்கள் பழைய குத்துகளுக்குப் பின்னால் குனிந்து நின்று வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அங்கே போனபிறகு காய்ச்சலில் இறந்துபோன ஒரு பெண்பிள்ளையின் தாய், மகளின் குத்தைக் கண்டுபிடித்த அன்று அழவில்லை, முந்தானையால் அதை மெதுவாக மூடிவைத்துக்கொண்டு, கடைசிப் பேருந்து வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அந்தக் குத்தில் மட்டும் யாரும் துணி போடுவதில்லை.

இருதயராஜும் கிழக்கு வரிசைக்காரர்தான். அவரையும் லாரியில் ஏற்றினார்கள். ஆனாலும் தினமும் இருட்டோடு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, விடியும்போது மைதானத்துக்கு வந்து, மேற்கு வரிசையில் மிஞ்சிய பிள்ளைகளை நிறுத்தி எண்ணத் தொடங்குவார். இடம் போதவில்லை, புதுக் குத்துகளைப் பழைய குத்துகளுக்கு நடுவே சந்து பார்த்து விட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பெருமையாக இருந்தது. ஞானசௌந்தரிக்கும் பெருமைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளோ எல்லாரும் போனபிறகு வெறுமையான ஓர் இடம் தேடி நின்று, தன் குத்துகளைச் சத்தமில்லாமல் விட்டு, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் ஐந்தாவது அநியாயம் வந்தது. காலியிடத்தில் குளிரூட்டிய விளையாட்டு வளாகம் வரப்போகிறதாம், அதில் சமுதாயக் கராத்தேப் பள்ளி ஒன்று இயங்குமாம், அதன் நிறுவனர் சந்திரசூடனாம். அளக்க வந்தவர்களின் நாடா நேராகப் போகவில்லை, குத்துகளில் சுற்றிக்கொண்டு நெளிந்தது. மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் இரும்புக் கை ஓர் எட்டு வயசுப் பிள்ளையின் குத்தில் முட்டி நின்று உறுமியது, ஓட்டுநர் இறங்கிப்போய் டீ குடித்தார். கடைசியில் சந்திரசூடன் ஒரு வழி சொன்னார். எடுக்காமல் விட்ட குத்துதானே, பின்னால் நின்று முறைப்படி யாராவது இடுப்புக்கு இழுத்துவிட்டால் அது போய்விடும். சோதித்துப் பார்த்தார்கள். போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாய்மார்கள் வந்திருந்த நேரத்தில், பேரவையின் வேன்கள் வந்தன. வெள்ளைச் சீருடையில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த இளைஞர்கள் இறங்கினார்கள். சந்திரசூடனும் இறங்கினார். அவர்களோடு வருவாய் ஆய்வாளர் கோதண்டபாணி குடையோடும் உதவியாளரோடும் வந்தார். இருதயராஜ் அவர் முன்னால் போய் நின்று, சாவியிலிருந்து தொடங்கினார். கோதண்டபாணி கெட்டவர் இல்லை. நான்காவது வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு விதியைச் சொன்னார். ஆள் உள்ள ஆக்கிரமிப்பு என்றால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், அது முடியும்வரை ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. ஆள் இல்லாத பொருள் என்றால் குப்பை. குப்பையை அள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைத்தான் இப்போது, இடத்தில் கண்டதை மகஜராக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் படித்துக் காட்டி, அள்ளப்போகிறார்கள்.

"குப்பையா," என்றார் இருதயராஜ். பிறகு திரும்பி, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இந்தக் குத்து அலோசியஸ், இது முனுசாமி பேத்தி வெண்ணிலா, இது தாவூத், இது செத்துப்போன பிலோமினா. தாய்மார்களும் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு குத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் சொன்னார்கள். ஆய்வாளர் தலையை ஆட்டினார். எல்லாம் சிறுவர்கள், சட்டத்தின் முன் சிறுவர்கள் ஆக்கிரமிக்க முடியாது, அதிலும் இவர்கள் இந்த வார்டிலேயே இல்லை, ஒரு பிள்ளை உலகத்திலேயே இல்லை.

அதற்குள் வேன் இளைஞர்கள் கிழக்கு ஓரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் ஒரு குத்தின் பின்னால் நின்றான், கால் பரப்பினான், கையை நீட்டிப் பொருத்தினான், இடுப்புக்கு இழுத்தான்; காய்ந்துகொண்டிருந்த சேலை மண்ணில் விழுந்தது. அடுத்தவன் இழுத்தான், அடுத்த சேலை விழுந்தது. ஒவ்வொரு சேலையாக விழ, ஒரு தாய் தன் கைக்குள் இருந்தது கரைந்துபோனதை உணர்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இது ஆறாவது அநியாயம் என்று இருதயராஜ் நின்ற இடத்திலேயே எண்ணிக்கொண்டார்.

"எழுது சார் என் பேர," என்றார் அவர். "நான் சின்னப்பையன் இல்ல. இதோ, இதோ, இதோ, இதெல்லாம் என் கை. வேணும்னா பொருத்திப் பாரு."

அவர் பெயர் அரசாங்கக் காகிதங்களில் எத்தனையோ முறை ஏறியிருந்தது, எல்லாம் காவல் நிலையத்தில். இந்த ஒரு முறை அது மண்ணுக்காக ஏறும் என்று அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இருபது வருஷமாக, சொல்லிக்கொள்ளாமல், இதற்காகத்தான் காத்திருந்தாரோ என்னவோ. ஆய்வாளர் பொருத்திப் பார்த்தார், கை பொருந்தியது, மனிதர் மரியாதையாக அடையாள அட்டையைக் கேட்டார். அட்டையில் அடுக்குமாடியின் விலாசம் இருந்தது.

"நீங்க இந்த வார்டே இல்லையே பெரியவரே. வெளியூர் ஆளு இங்க எப்படி ஆக்கிரமிப்பாளரா இருக்க முடியும்?"

"என்னை வெளியூர் ஆக்கினதே நீங்கதானே."

"அது வேற டிபார்ட்மெண்ட்," என்றார் கோதண்டபாணி. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார், அதனால்தான் அது இருதயராஜின் முகத்தில் அறைந்தது. இந்த மைதானத்தில் தன் வாழ்நாளில் பாதியை விட்டவருக்கு, நிற்கிற இடத்தில் கால் இல்லாததுபோல் இருந்தது. சந்திரசூடன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இளைஞர்களைச் சீக்கிரம் சீக்கிரம் என்றார். கிழக்கு ஓரம் முழுக்கத் துணி விழுந்து கிடந்தது. அவர்கள் பிலோமினாவின் குத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தாய் முந்தானையால் அதை மூடிக்கொண்டு, தள்ளிப்போங்க தம்பி, தள்ளிப்போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞானசௌந்தரி அதுவரை இஸ்திரி வண்டியை விட்டு நகரவில்லை. இப்போது பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அளவுக்காரர்கள் சுண்ணாம்பால் எல்லை போட்டிருந்த கோட்டின் மேல், அன்றிலிருந்து அங்கேயே நின்றிருந்த மண் அள்ளும் இயந்திரத்துக்கு நேர் எதிரே நின்றாள். சேலையை இழுத்துச் சொருகினாள்.

"ஞானம், இன்னா பண்ணப் போற," என்றார் இருதயராஜ்.

"சும்மா இருண்ணா கொஞ்சம்."

வலது காலைப் பின்னால் வைத்தாள். மூச்சு விட்டாள். பிறகு குத்தினாள், ஒரே ஒரு குத்து, நெஞ்சுயரத்தில். அதன் சத்தம் ஈரத் துணியை உதறியதுபோல் மேற்கு வரிசை வரை கேட்டது. எல்லாரும் அந்தக் கை திரும்புவதற்காகக் காத்திருந்தார்கள். இருபது வருஷமாக எடுத்துக்கினு வாங்கடா என்று தொண்டை கிழியக் கத்தியவள், குத்தை அங்கேயே விட்டுவிட்டு, கையைத் தளரத் தொங்கவிட்டு, ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள்.

சந்திரசூடனே வந்தார். குத்தின் பின்னால் நின்றார், கால் பரப்பினார், கையைப் பொருத்தப் பார்த்தார். அவர் தோள் அந்தக் குத்துக்குள் போகவில்லை. இடுப்பைத் திருப்பிப் பார்த்தார், இடுப்பும் திரும்பவில்லை. திரும்பி வராததைத் தவிர அந்தக் குத்தில் எந்தத் தவறும் இல்லை, அவ்வளவு சரியான ஒன்றின் பின்னால் நின்று அவருக்குப் பழக்கமில்லை. பவுனம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னா சாரு, பட்டை இறுக்கமா கட்டிட்டீங்களா?"

ஞானசௌந்தரி ஆய்வாளரிடம் தன் ரேஷன் அட்டையை நீட்டினாள். மேற்கு வரிசை, பீப்பாய்மேடு, அதே வார்டு, அதே கதவு. கோதண்டபாணி அட்டையைப் பார்த்தார், குத்தைத் தொட்டுப் பார்த்தார், குடையை மடக்கி உதவியாளரிடம் கொடுத்தார். ஒருத்தர் ஆக்கிரமிப்பில் இருக்கிற இடம் காலியிடம் ஆகாது, விசாரணை முடியும்வரை இங்கே இருக்கிறது எல்லாம் இருக்கிறபடியே இருக்கும் என்று இளைஞர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் பிலோமினாவின் தாயிடமிருந்து விலகி வேனுக்குப் போனார்கள். ஆக்கிரமிப்பாளர் என்று எழுதினால் வழக்கு வரும், சிறைகூட வரலாம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஞானசௌந்தரியிடம் இறங்கிய குரலில் சொன்னதையும் இருதயராஜ் கேட்டார். எழுதுங்க என்றாள் அவள்.

"தொழில் என்னன்னு போடட்டும்? இஸ்திரியா?"

அவள் பதில் சொல்வதற்குள் இருதயராஜ் முன்னால் வந்துவிட்டார். அந்தப் பெயர் தன் பெயராக இருந்திருக்க வேண்டும் என்கிற எரிச்சல் இன்னும் நெஞ்சில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டுதான் பேசினார். "கராத்தே மாஸ்டர்னு போடு சார். வேற எதப் போட்டாலும் சாட்சி கையெழுத்து வுழாது."

சாட்சிகளாகப் பவுனம்மாவும் தையல்காரர் சேகநாதனும் நின்றார்கள். ஆய்வாளர் எழுதி முடித்து, விதிப்படி படித்துக் காட்டத் தொடங்கினார், வாய்க்குள்ளேயே, தனக்குத்தானே படிப்பதுபோல. இருதயராஜ் நிறுத்தினார்.

"சத்தமா படி சார். இவங்க ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்காங்க."

கோதண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். தாய்மார்கள் கிட்டே வந்தார்கள், மேற்கு வரிசைப் பெண்கள் கதவுக்கு வெளியே வந்தார்கள், பிள்ளைகள் தேர்வில் நிற்பதுபோல் கையைத் தொடையோடு சேர்த்து நின்றார்கள். அவர் முதலிலிருந்து, இந்த முறை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: நான்கு எல்லைகளைப் படித்தார், தேதியைப் படித்தார், மேற்படி நிலம் காலியாக இல்லை என்பதைப் படித்தார், மேற்படி நிலத்தை ஆக்கிரமித்து அனுபவித்து வருபவர், கராத்தே மாஸ்டர், அந்தோணியின் மகள், ஞானசௌந்தரி.